ஆயிரம் ஆண்டுக்கென நட்ட தூண்

பொங்கலுக்கு முன்பே எங்கள் ஊரில் ஆலை அரைக்கத் தொடங்கிவிடும். கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே உள்ள நெல்லிக்குப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவரும் அந்தப் பருவத்தில் கண்டுகொள்வார். கரும்புப் பாகின் வாசனையே ஊரின் பெயரைச் சொல்லிவிடும். அப்படி வாசனை நிறைந்த ஒரு மார்கழிப் பிற்பகலில், எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசகசாலையிலிருந்து ஒரு பெரிய சித்திரப் புத்தகத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

அவள் பிரித்துக் காட்டிய பக்கத்தில் ஒரு விந்தையான படம் இருந்தது. சுவரில் பிரம்மாண்டமான கால்வட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பு நெடுகப் பாகைகளும் அவற்றின் நுண்ணிய பகுப்புகளும் கோடிட்டிருக்கின்றன. வட்டத்தின் நடுவே, மேசையருகே அமர்ந்த ஒரு பெருந்தாடிக்காரர் எதிரே சுவரின் உச்சியிலுள்ள துவாரத்தைச் சுட்டிக் காட்டுகிறார். அவர் காலடியில் நாய் ஒன்று உறங்குகிறது. ஒருவர் துவாரத்தின் வழியே நக்ஷத்திரம் நுழைவதைப் பார்க்கிறார். ஒருவர் கடிகாரத்தைக் கவனிக்கிறார். மற்றொருவர் இறகுப் பேனாவால் எழுதிக்கொள்கிறார்.

அந்தத் தாடிக்காரர் டென்மார்க் தேசத்து வானசாஸ்திரி டைக்கோ பிராஹி. 1546ஆம் ஆண்டு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். வாலிபத்தில் வாட்போர் ஒன்றில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, உலோகத்தாலான மூக்கைப் பொருத்திக்கொண்டவர். இவர் பதினாறு வயதுப் பிள்ளையாயிருந்த 1563ஆம் ஆண்டில் வியாழனும் சனியும் வானத்தில் நெருங்கிக் கூடின. அன்றைக்கு வழங்கி வந்த பழைய வாய்பாடு அந்தச் சேர்க்கையை ஏறக்குறைய ஒரு மாதம் தவறாகச் சொல்லியிருந்தது. கோபர்னிக்கஸின் முறைப்படி எழுதிய புதிய வாய்பாடும் சில நாட்கள் தவறியது. புத்தகத்தைத் திருத்த வேண்டுமானால் வானத்தை ஒவ்வோர் இரவும் விடாமல் பார்க்க வேண்டும் என்ற உறுதி அந்தச் சிறுவனுக்கு அன்று பிறந்தது.

1576ஆம் ஆண்டு டென்மார்க் அரசர் இவருக்கு ஹ்வென் என்ற சிறு தீவை அளித்தார். அங்கே ‘உரானிபோர்க்’ என்ற வானோக்கு மாளிகையை இவர் எழுப்பினார். தொலைநோக்கி அப்போது பிறக்கவில்லை. வெறுங்கண்ணையும், பித்தளையும் மரமும் கொண்ட பெரிய அளவுகோல்களையும் வைத்தே பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலையளவுக்கு நக்ஷத்திரங்களின் இடத்தைக் குறித்தார். அரசர் மாறினார், ஆதரவு போயிற்று, 1597இல் தீவை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு தம் கருவிகளையெல்லாம் சித்திரங்களாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். 1601இல் பிராக் நகரில் மறைந்தார். மாளிகை இடிந்து மண்ணாயிற்று, சித்திரங்கள் நிலைத்தன. அவர் எழுதி வைத்த கணக்குகளைக் கொண்டுதான் கெப்ளர், கிரகங்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்ற உண்மையை 1609இல் உலகுக்குச் சொன்னார்.

இவ்வளவையும் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “ஐயா, நம் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒருவருமே இருந்ததில்லையா?” என்று கேட்டாள்.

ஆசிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. ஆரியபடர், பாஸ்கரர் என்று இரண்டு பெயர்களைக் கம்பீரமாகச் சொன்னோம். “அவர்களைத் தெரியும் ஐயா. அவர்கள் மிகவும் முந்தியவர்கள் அல்லவா? இந்தப் படத்தில் இருப்பதுபோல, கருவி வைத்து ராத்திரி முழுதும் பார்த்தவர் யாராவது நம்மவர்?” என்றாள் அவள்.

எங்களுக்கு விடை தெரியவில்லை. பட்டதாரி என்று பெயர். சென்னையில் கல்லூரிப் படிப்பு. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையில் மூன்று வருஷம் தினந்தோறும் நடந்ததுண்டு. அந்தச் சாலையோரத்து மதிலுக்குள்தான் விடை நின்றுகொண்டிருந்தது என்பது, அதன்பின் ஒரு மாத காலம் நூல்களைத் துழாவிய பிறகே தெரிய வந்தது. அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே தை மாதத்தில் இந்தப் பிரயாணம் புறப்பட்டோம்.

எங்களுடன் அந்தப் பெண்ணும் வேறு மூன்று மாணவர்களும் வந்தார்கள். அழையாமலே வந்து சேர்ந்தவர் ஒருவரும் உண்டு. அவர் எங்கள் தெருவில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் பெரியவர், எண்பதை நெருங்கியவர். பிள்ளைகளுக்கு அவர் ‘தாத்தா’. வாக்கிய பஞ்சாங்கத்தைத் தவிர வேறொன்றைக் கையால் தொடமாட்டார். “வெள்ளைக்காரன் நட்ட கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம், வாத்தியாரையா?” என்று கேட்டுக்கொண்டே முதல் ஆளாக ரயிலில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்.

விழுப்புரம் செல்லும் வரையில் பேச்சு புதுச்சேரியைப் பற்றியதாக இருந்தது. காரணம், எங்கள் ஊருக்கு மிக அருகில் நடந்த வானசாஸ்திரக் கதை அங்கேதான் இருக்கிறது.

லெ ஜாந்தில் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி, சூரியனைச் சுக்கிரன் கடந்து செல்லும் அபூர்வக் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜூன் 6ஆம் தேதி ஆடும் கப்பலின் மேல் நின்று அதைப் பார்க்க நேர்ந்தது; அளவெடுத்துப் பயனில்லை. அடுத்த முறை எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் கீழ்த்திசைக் கடல்களிலேயே காலங்கழித்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் கருவிகளை நிறுத்தினார். 1769 ஜூன் மாதம் குறித்த காலையில் மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது! 1771இல் பிரான்ஸ் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டாரென்றே சுற்றத்தார் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆயினும் அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதாமலே கிரகணம் கணிப்பதைக் கண்டு அந்த முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அந்த முறையில் கணித்தபோது 41 விநாடிதான் குறைந்தது. அன்று ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மாயரின் வாய்பாடு 68 விநாடி கூடுதலாகச் சொல்லியது.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டீர்களா, பிள்ளைகளே! சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். எழுத்தே எண், வாக்கியமே கணக்கு. ஏடும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம்” என்றார். அவருடைய மகிழ்ச்சியைப் பார்த்தபோது, கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றிற்று. ஆனால் எதிரே நோட்டுப் புத்தகத்துடன் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

லெ ஜாந்திலுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், ஜான் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதரைச் சந்தித்தார். அவரும் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31ஆம் தேதியின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரம் நான்கு நிமிஷ வித்தியாசத்தில் பொருந்திற்று. நடுநேரம் 23 நிமிஷமும், முடியும் நேரம் 52 நிமிஷமும் தவறின.

“ஐம்பத்திரண்டா?” என்றார் தாத்தா.

“ஐம்பத்திரண்டுதான், பெரியவரே.”

அதன்பின் வெகுநேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எழும்பூர் நிலையத்தில் இறங்கியதும் பிள்ளைகளை நிறுத்தி, நாங்கள் தேடி வந்த கதை தொடங்கியது இந்த எழும்பூரில்தான் என்று சொன்னோம். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி 1786இல் தம் சொந்தச் செலவில் இங்கே ஒரு சிறு வானோக்கு நிலையம் அமைத்தார். சிறு தொலைநோக்கிகள் இரண்டு, ஊசற் கடிகாரங்கள் இரண்டு, நக்ஷத்திரம் உச்சி கடக்கும் நேரத்தை அளக்கும் கருவி ஒன்று. இவையே அதன் சொத்து. ஒரு கடிகாரம் லண்டன் ஷெல்டன் செய்தது. கப்பல் தலைவர் குக் கொண்டு சென்ற கடிகாரத்தின் இனம். பெட்ரி இவற்றைக் கம்பெனிக்கு அளித்தார். அவற்றைக் கொண்டு நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டி முடித்ததுதான் சென்னை வானோக்கு நிலையம்.

இன்று அந்த இடம் வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தபடியால் உள்ளே சென்றோம். நாற்பதடி நீளமும் இருபதடி அகலமும் கொண்ட பழைய ஒற்றை அறைக் கட்டடம் போய்விட்டது. அதன் நடுவே நின்ற கருங்கல் தூண் மட்டும் வெட்டவெளியில் நிற்கிறது. உயரம் 15 அடி. எடை சுமார் 10 டன். கட்டடத்தை வகுத்த மைக்கேல் டாப்பிங் பெயரும் 1792 என்ற ஆண்டும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் வேறு மொழிகளிலும் சாசனம் உண்டு. பிள்ளைகள் விரலால் தடவித் தடவித் தமிழ் எழுத்துக்களைக் கூட்டினார்கள்.

“இவ்வளவு பெரிய தூண் எதற்கு, ஐயா?” என்றான் ஒரு மாணவன்.

நக்ஷத்திரத்தை அளக்கிறவனுக்கு முதல் எதிரி அதிர்ச்சி. கருவி மயிரிழை அசைந்தால், வானத்தில் அது பல காதமாகிவிடும். டைக்கோ தம் கால்வட்டத்தைச் சுவரில் பதித்ததும், இவர்கள் கருவியைப் பத்து டன் கல்லின்மேல் ஏற்றியதும் ஒரே காரணத்தால்தான். வடக்குத் தெற்காக மட்டும் அசையக்கூடிய தொலைநோக்கியை அசையாத கல்லில் பொருத்திவிட்டு, நக்ஷத்திரம் தானே உச்சிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கடக்கும் கணத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்வது ஓர் அளவு. அது நின்ற உயரம் மற்றோர் அளவு. இரண்டையும் சேர்த்தால் நக்ஷத்திரத்தின் முகவரி கிடைத்துவிடும். அப்படியே, நக்ஷத்திரத்தின் முகவரி தெரிந்தால் ஊரின் முகவரியும் கிடைத்துவிடும். சென்னையின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது என்று இங்கே கண்ட கணக்குதான், இந்தியாவின் பெரிய நில அளவைக்கு ஆதாரமாயிற்று. ரயில்களின் நேரமும் ‘சென்னை நேரம்’ ஆயிற்று. 1906இல்தான் தேசம் முழுவதற்கும் இன்றைய பொது நேரம் வந்தது.

கல்லின் பெருமை இது. ஆனால் கல்லை நட்டவர்கள் சொல்லிக்கொண்ட நோக்கம் வேறொன்று. ஆசியாவில் கணித சாஸ்திரத்தை ஆங்கிலேயரின் தாராள மனம் முதன்முதல் விதைத்த காலம் எது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோர் அறியவேண்டும். அதற்காகவே இந்தத் தூண் என்று அக்காலத்தில் எழுதி வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் தாத்தாவுக்குக் கோபம் மூண்டது. “முதன்முதலா? என் பாட்டன் சோழி போட்டதை இவர்கள் பார்க்கவில்லையா?” என்றார். அவர் கோபம் நியாயமானதே. ஆரியபடரின் நூல் எழுதப்பட்டு அப்போது பன்னிரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மகாராஜா ஜெயசிங் டில்லியில் கல்லாலான பெரும் யந்திரங்களை நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. சோழி வைத்துக் கணிக்கும் தமிழரைப் பற்றி எழுதிய வாரனே இந்த நுங்கம்பாக்கத்து நிலையத்தில் வானசாஸ்திரியாகப் பணிபுரிந்தவர்தான். ஆயிரம் ஆண்டு காலம் நிலைக்க வேண்டும் என்று செதுக்க நினைத்த பெருமை, செதுக்கிய நாளிலேயே பொய்யாயிருந்தது.

இந்த இடத்தில் திரும்பிவிட்டால் எங்கள் பிரயாணம் ஒரு கோபத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பெண் கேட்டது அதையல்லவே! கருவி வைத்து ராத்திரி முழுதும் பார்த்த நம்மவர் யார் என்பது அவளுடைய கேள்வி. அவர் இந்த இடத்தில் இருந்தவர். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிப்போர் மரபிலே வந்தவர் அவர். வாலிபத்தில் இந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்து, ஏறக்குறைய 40 ஆண்டுகள் உழைத்தார். நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் 1861 முதல் இங்கே தலைவராக இருந்தார். அந்த ஆண்டே இங்கிருந்து ஒரு சிறுகிரகத்தைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டவர் அவர். புதிதாக வந்த உச்சிவட்டக் கருவியில் 1862 முதல் இரவுதோறும் நடந்த அளவைகளில் பெரும்பங்கு ரகுநாதாச்சாரியின் கண்ணும் கையும் செய்தவை. 5,000க்கும் மேற்பட்ட நக்ஷத்திரங்களின் அட்டவணை அதிலிருந்து பிறந்தது.

1867 ஜனவரியில் தென்வானத்தில் ஒரு நக்ஷத்திரம் ஒளி மாறுவதை அவர் கண்டார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்பது அதன் இன்றைய பெயர். சுமார் 278 நாட்களுக்கு ஒரு முறை அது பெருகி மங்குகிறது. லண்டனிலிருந்து பார்த்தால் அது ஒருநாளும் அடிவானத்துக்கு மேல் வராது. சென்னையில்கூட உச்சியடையும்போது தென் அடிவானத்திலிருந்து 14 பாகைக்குமேல் எழாது. அவ்வளவு தாழ்வாக, கடற்கரை மூட்டத்தின் நடுவே கண்ணயராமல் பார்த்தவனுக்குத்தான் அது அகப்பட்டது. இப்படி ஒளி மாறும் நக்ஷத்திரமொன்றை நவீன கருவிகொண்டு கண்டுபிடித்த முதல் இந்தியர் அவரே. 1872இல் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது; அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியரும் அவரே.

1868 ஆகஸ்டு 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, நிஜாம் ராஜ்யத்து வனபர்த்திக்குச் சென்ற குழுவை அவர் நடத்திச் சென்றார். எனினும் அவருடைய நெஞ்சில் இருந்த காரியம் வேறு. நாள் பார்க்கவும் விரதம் இருக்கவும் நம் குடும்பங்கள் நம்பியிருக்கும் பஞ்சாங்கம், வானத்தோடு ஒத்துப்போகாமல் விலகிவருகிறதே என்பதுதான் அவர் கவலை. கண்ணால் கண்டு திருத்திய கணக்கைக் கொண்டு ‘திருக்கணித பஞ்சாங்கம்’ வெளியிட்டார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனைக் கடக்கப்போவதை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பஞ்சாங்க சித்தாந்தி ஒருவரும் அவர் நண்பரும் பேசிக்கொள்வதாக அமைந்த அந்நூல், ஆங்கிலத்திலும் நம் தேசத்து மொழிகளிலும் வெளிவந்தது. நம்மவர்க்குப் பயிற்சி தர நம்மவரே நடத்தும் வானோக்கு நிலையம் ஒன்று வேண்டும் என்றும் அவர் பாடுபட்டார். அது நிறைவேறாமலே 1880 பிப்ரவரியில் காலமானார்.

எங்களை மிகவும் யோசிக்கச் செய்தது இந்த இடம்தான். டைக்கோவுக்கு ஒரு தீவு கிடைத்தது. பெட்ரிக்கு வீடும் பொருளும் இருந்தன. இவருக்கு அரசு தந்த சம்பளமும், அந்நியர் தந்த கருவியும், அவற்றுக்கிடையே தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட சிந்தனையும்தான் சொத்து. அந்நியன் கருவியானாலும் உண்மை அந்நியமல்ல என்று கண்டார். முன்னோர் கணக்கானாலும் வானம் ஒப்பவில்லையானால் திருத்த வேண்டும் என்றும் கண்டார். பதினாறு வயது டைக்கோ கண்டதும் இதைத்தானே?

தூணின் நிழலில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தாத்தா கேட்டார்: “அந்த ஆச்சாரியார் வாக்கியத்தைத் தள்ளிவிட்டாரா, வாத்தியாரையா?”

“தள்ளவில்லை, பெரியவரே. வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.”

“வாக்கியம் எழுதிய ரிஷியும் வானத்தைப் பார்த்துத்தானே எழுதியிருப்பார்!” என்றார் அவர். யாருக்கு அந்த விடை என்பது தெரியவில்லை. கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார்.

1899இல் வானசாஸ்திர வேலைகள் கொடைக்கானல் மலைக்கு மாறின. பெட்ரி காலத்து ஷெல்டன் கடிகாரமும் அந்த மலைக்குப் போய்விட்டது. பின்னாளில் வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் 1986இல், 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இந்திய விஞ்ஞானிகளாலேயே ஆக்கி நிறுத்தப்பட்டது. ரகுநாதாச்சாரி வேண்டிய நிலையம், நூறு ஆண்டு தாமதமாக என்று சொல்லலாமா, நம்மவர் கைக்கு வந்தது.

மறுநாள் இரவு நெல்லிக்குப்பத்தில், பள்ளி மொட்டைமாடியில் எல்லோரும் கூடினோம். ஆலை விளக்குகளுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நோக்கி நின்றோம். அகத்திய நக்ஷத்திரம் பளிச்சென்று இருந்தது. அதற்கு வலப்புறம், இன்னும் தாழ்வில், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இருண்ட இடத்தைக் காட்டி, “ஆச்சாரியாரின் நக்ஷத்திரம் அங்கேதான், வெறுங்கண்ணுக்கு அகப்படாது” என்றோம். நான்கு பிள்ளைகளும் ஒன்றுமில்லாத அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஒரு கருவி செய்து கொண்டு வந்திருந்தாள். மரப்பலகையில் பாகைமானி ஒட்டி, நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டது. பார்ப்பதற்கு ஒரு மூங்கில் குழாய். அதனால் சந்திரனின் உயரத்தை அளந்து நேரத்தோடு நோட்டில் குறித்தாள். அவள் பக்கத்தில் தாத்தா பஞ்சாங்கத்தைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அன்றைய நக்ஷத்திரம் எத்தனை நாழிகை என்று படித்துச் சொன்னார். ஒரு பத்தியில் அவள் கண்டது. மறு பத்தியில் அவர் சொன்னது. சேர்க்கை எவ்வளவு, விலகல் எவ்வளவு என்பதை வருஷம் முடிந்த பிறகே கணக்குப் பார்ப்பது என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

சென்னைக்குப் போகும் நேயர்கள் ஒருமுறை அனுமதி பெற்று அந்தத் தூணைப் பார்த்து வர வேண்டும். அதில் உள்ள பெயர்களைப் படித்த பிறகு, இல்லாத ஒரு பெயரையும் உடன் வந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நோட்டில் இன்றோடு பத்தொன்பது இரவுகள் எழுதியாயிற்று. மேகம் மறைத்த இரவுகள் நான்கு. அவற்றையும் அவள் விடாமல் எழுதியிருக்கிறாள்.